பிட்பதற்கென்றே சுடப்படும் அப்பம்

கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழில் சொல்லும்போது அப்பம் என்ற சொல் நம் வாயில் வருவதே இல்லை. சீர்திருத்தச் சபையினர் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்கிறார்கள். கத்தோலிக்கர் “எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்” என்கிறார்கள். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘ஆர்தோஸ்’, அதாவது ரொட்டி. யோவான் 6:35இல் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரிகிறது. பழைய மொழிபெயர்ப்பு “ஜீவ அப்பம் நானே” என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் “வாழ்வு தரும் உணவு நானே” என்கிறது.

மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்துவிடவில்லை. எபிரெயத்தில் ‘லெஹெம்’ என்றால் ரொட்டியும்தான், பொதுவாக உணவும்தான். நம்மிடம் “சோறு தின்றாயா” என்று கேட்பது சாப்பாட்டைக் கேட்பதுபோல. சோறு உண்ணும் மக்களுக்கு ஆகாரம் என்று சொல்வதே நேரான வழி. ஆனாலும் ஒன்று கைநழுவிப் போகிறது. ‘பேத் லெஹெம்’ என்ற ஊர்ப்பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். ரூத்தின் கதை அந்த அப்பத்தின் வீட்டிலேயே பஞ்சம் வந்து, நகோமியின் குடும்பம் பிழைப்புத் தேடி மோவாபுக்குப் போவதில் தொடங்குகிறது. பெத்லகேம் என்று மட்டும் படிக்கிறவருக்கு அந்த வேதனையின் கூர்மை தெரியாது. உணவு என்பது பொதுச்சொல். அதற்குள் திரிகை இல்லை, பிசைதல் இல்லை, அடுப்பு இல்லை. முக்கியமாக, உணவைப் பிட்க முடியாது. அப்பத்தைத்தான் பிட்க முடியும்.

அப்பம் என்ற சொல்லும் நமக்குச் சிக்கலானதே. காதில் விழுந்தவுடன் ஆப்பமோ நெய்யப்பமோ கண்முன் வந்துவிடுகிறது. ஈழத்தமிழர் ரொட்டிக்கு வழங்கும் ‘பாண்’ போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. கத்தோலிக்கக் கோவில்களில் வழங்கும் ‘ஓஸ்தி’யும் அதே கப்பலில் வந்த சொல்தான். அதன் லத்தீன் மூலத்துக்குப் பலிப்பொருள் என்று அர்த்தம். கையில் வாங்குகிற வெள்ளை வட்டம் வெறும் தின்பண்டமன்று என்பதை அந்தச் சொல் தானாகவே சொல்லிவிடுகிறது.

ஆகவே, இயேசு வாழ்ந்த கலிலேயாவில் ரொட்டி என்பது என்னவாக இருந்தது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. அங்கே ரொட்டி கடையில் வாங்கி அலமாரியில் வைக்கும் பொருளாக இருக்கவில்லை. பெண்கள் திரிகையில் அமர்ந்து மணிக்கணக்கில் அரைத்தால்தான் குடும்பத்துக்கு அன்றைய மாவு கிடைக்கும். கடனுக்கு ஈடாகத் திரிகையின் அடிக்கல்லையோ மேற்கல்லையோ வாங்கக்கூடாது, அது உயிரையே அடகு வாங்குவதற்குச் சமம் என்று உபாகமம் 24:6 தடுப்பது அதனால்தான். மேற்கல் போனால் நாளைக்கு மாவு இல்லை. மாவு இல்லையென்றால் அடுப்பில் எதுவும் இல்லை.

கோதுமை இருந்தவர் கோதுமை ரொட்டி தின்றார். இல்லாதவருக்கு வாற்கோதுமை. வாற்கோதுமையில் பசைத்தன்மை குறைவு; ரொட்டி எழும்பாது, கனமாக, கரகரப்பாக இருக்கும், சீக்கிரம் காய்ந்துபோகும். இரண்டின் விலை வித்தியாசம் வெளிப்படுத்தின விசேஷம் 6:6இல் பதிவாகியிருக்கிறது: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, அதே பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை. அந்தப் பணம் என்பது தெனாரியம், கூலியாளின் ஒருநாள் சம்பளம். அங்கே படி என்று வந்திருக்கும் கிரேக்க அளவு ஏறத்தாழ ஒரு லிட்டர், ஒருவருக்கு ஒருநாள் போதுமானது. நாள் முழுக்க உழைத்த ஒருவர் தன் வயிற்றுக்கு மட்டும் கோதுமை வாங்கலாம். பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமென்றால் வாற்கோதுமைதான். பஞ்சகால விலை அது.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. ஆனால் அங்கே பகிர்ந்த ஐந்தும் வாற்கோதுமை அப்பங்கள் என்று சொல்வது யோவான் மட்டுமே. எலிசா இருபது வாற்கோதுமை அப்பங்களால் நூறு பேரைப் போஷித்த கதை (2 இராஜாக்கள் 4) அந்த ஒரு சொல்லால் நினைவுக்கு வந்துவிடுகிறது. அவற்றை வைத்திருந்த பையனுடையது ஏழை வீட்டு மதியச் சாப்பாடு என்பதும் விளங்கிவிடுகிறது. கலிலேயாக் கடலோரம் தாப்காவில் உள்ள ஆலயத்தில் 5ஆம் நூற்றாண்டு மொசைக் ஒன்று இருக்கிறது: ஒரு கூடை, இருபுறமும் இரண்டு மீன்கள். கூடையில் தெரியும் அப்பங்களை எண்ணினால் நான்குதான். ஐந்தாவது, அந்தத் தரைக்கு மேலே பீடத்தில் இருக்கிறது என்று விளக்குவார்கள்.

‘அன்றாட’ என்ற சொல்லையும் கொஞ்சம் தொட்டுவிட வேண்டும். செபத்தில் வரும் ‘எபியூசியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு வேறெங்கும் தெளிவான வழக்கு இல்லை. இன்றைக்கு உரியது, நாளைக்கு உரியது, வாழத் தேவையானது என்றெல்லாம் பொருள் கொள்கிறார்கள். புனித ஜெரோம் அதே சொல்லை லூக்காவில் ‘அன்றாடம்’ என்றும் மத்தேயுவில் ‘பொருளையெல்லாம் கடந்த’ அப்பம் என்றும் இரண்டு விதமாக லத்தீனில் பெயர்த்தார். எப்படிப் பெயர்த்தாலும் பின்னணியில் இருப்பது யாத்திராகமம் 16இன் மன்னா, பாலைவனத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து கிடைத்த உணவு. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளுக்கென்று எடுத்து வைத்தால் புழு பிடித்து நாறியது. ஆறாம் நாள் மட்டும் இரண்டு மடங்கு, ஓய்வுநாளுக்காக. சேர்த்து வைக்க முடியாத உணவு அது. இன்றைக்கு உரியதை இன்று கேள் என்ற வேண்டுதல் அந்தப் பாலைவன அனுபவத்திலிருந்து வருகிறது.

இனி புளிப்புக்கு வருவோம். அப்பத்தைப் பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையில் பாதி இதைச் சுற்றியே இருக்கிறது, நம்மில் பலருக்கு இது சரியாக விளங்காமல் போவதும் இங்கேதான்.

பொட்டலத்தில் வரும் ஈஸ்ட் அந்தக் காலத்தில் இல்லை. நேற்றைய மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து இன்றைய மாவில் பிசைவார்கள். நம் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதை நினைத்தால் போதும். இன்றைய தயிர் நேற்றைய தயிரின் பிள்ளை, நேற்றையது அதற்கு முந்தினதன் பிள்ளை. சங்கிலி அறுவதில்லை. நல்லது மட்டும் அந்தச் சங்கிலி வழியே வருவதில்லை; ஒருநாள் உறை கெட்டால் அதற்குப் பின் வரும் எல்லாத் தயிரும் கெட்ட வாடை அடிக்கும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை யூதர் நினைவுகூரும் பஸ்கா விழாவில், வீட்டிலுள்ள எல்லாப் புளித்த மாவையும் அகற்று என்ற கட்டளை இந்தச் சங்கிலியை வெட்டுகிறது. எகிப்தின் மாவிலிருந்து ஒரு பிடிகூடப் புது வாழ்வுக்குள் வரக்கூடாது. யூத நெறியில் மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் மாவைச் சும்மா விட்டால் புளிக்கத் தொடங்கிவிட்டதாகவே கணக்கு. பழைய புளித்தமாவைப் புறம்பே கழித்துப்போடுங்கள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது இந்த வீட்டு வேலையைத்தான் மனதில் வைத்து எழுதுகிறார்.

ஆனால் இயேசு அதே புளித்த மாவைப் பரலோக ராஜ்யத்துக்கே உவமையாக்குகிறார். மத்தேயு 13:33இல் ஒரு பெண் அதை “மூன்றுபடி மாவிலே” அடக்கி வைக்கிறாள். இங்கே தமிழ் நம்மை ஏமாற்றிவிடும். நம் ஊர்ப்படி ஒன்றரை லிட்டர் அளவு. மூன்று படி என்றால் ஒரு வீட்டுச் சமையல் என்று கடந்துபோய்விடுவோம். மூலத்தில் இருக்கும் மூன்று ‘சாத்தா’ ஏறத்தாழ 36 முதல் 40 லிட்டர் மாவு. நூறு பேருக்கு மேல் பசியாறும். மூன்று விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் சாராளைப் பிசையச் சொன்னதும் இதே அளவுதான். தனியொரு பெண்ணின் கை, கைக்கடங்காத மாவு, உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு பிடிப் புளிப்பு. உவமையின் வியப்பு முழுவதும் அந்த அளவில் இருக்கிறது.

இந்த இரண்டு முகங்களும் சேர்ந்து ஒரு பெரிய பிளவுக்கும் விறகாயின. கடைசி இராவிருந்து பஸ்கா விருந்தே என்று முதல் மூன்று சுவிசேஷங்களும் சொல்கின்றன; அப்படியானால் மேசையில் இருந்தது புளிப்பில்லாத அப்பம். யோவானோ இயேசுவின் மரணத்தைப் பஸ்காவுக்கு ஆயத்தநாளில் வைக்கிறார். அப்படியானால் சாதாரண ரொட்டியாகவும் இருந்திருக்கலாம். மேற்கில், அதாவது லத்தீன் சபையில், 9ஆம் நூற்றாண்டளவில் புளிப்பில்லாத அப்பம் வழக்கமாகிவிட்டது. கிழக்கில், அதாவது கிரேக்க மரபுச் சபைகளில், புளித்த ரொட்டியை விடவில்லை. 1053இல் ஓக்ரித் பேராயர் லியோ லத்தீனரின் புளிப்பில்லா அப்பத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். புளிப்பு இல்லாத மாவு உயிரில்லாத உடல் என்பது கிழக்கின் வாதம். புளிப்பு என்பது கேடு, பலிப்பொருளில் அதற்கு இடமில்லை என்பது மேற்கின் வாதம். அடுத்த ஆண்டு கான்ஸ்டாண்டினோப்பிளில் இரு தரப்பும் ஒருவரையொருவர் சபைநீக்கம் செய்தன. காரணங்கள் பல, ஆனால் மேலே நின்ற பெயர் அப்பத்தினுடையது. 1439இல் புளோரன்சில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் இரண்டும் செல்லும், அவரவர் மரபைக் காத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே படுகிறது. இரண்டு பக்கமும் தங்கள் மாவைக் கூர்ந்து பார்த்துத்தான் பேசினார்கள்.

ஓஸ்தி எப்படி உருவாகிறது? கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும். உப்பு, சர்க்கரை, எண்ணெய், பால் எதுவும் கிடையாது. திருச்சபைச் சட்டம் 924 அப்பம் கோதுமையால் மட்டுமே ஆனதாகவும் அண்மையில் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 926 லத்தீன் வழிபாட்டில் அது புளிப்பில்லாததாக இருக்க வேண்டும் என்கிறது. தேனோ பழமோ சர்க்கரையோ சேர்ப்பது கடுமையான தவறு என்று 2004இல் வத்திக்கான் மறுபடி எச்சரித்தது. மைதாவும் கோதுமைதான், அதில் தடையில்லை. ஆனால் சமையல் சோடாவோ பேக்கிங் பவுடரோ முன்கூட்டியே கலந்துவிட்ட மாவு கடையில் கிடைக்கிறது. பொட்டலத்தைப் படிக்காமல் வாங்கினால் அங்கேயே பிசகிவிடும்.

கரைசல் தோசை மாவைவிட நீர்த்த பதத்தில் இருக்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கட்டி நின்றால் அந்த இடத்தில் புள்ளியாகத் தெரியும் என்பதால் வடிகட்டுவார்கள். சிலுவையோ ஆட்டுக்குட்டியோ செதுக்கிய சூடான இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஊற்றி அழுத்தினால் ஓரிரு நிமிடத்தில் நீராவி சீறி வெளியேறி, காகிதம் போன்ற தாள் கிடைக்கும். சூடு மிஞ்சினால் பழுப்பேறும். கரைசல் தடித்துவிட்டால் நடுவில் வேகாமல் நிற்கும்.

கைப்பழக்கம் தேவைப்படுவது இதற்குப் பிறகுதான். தகட்டிலிருந்து வந்த தாள் அப்பளம்போல் நொறுங்கும். அப்படியே வெட்டினால் ஓரமெல்லாம் உதிர்ந்து தூளாகும். அதனால் ஈரமான அறையில் பல மணி நேரம் வைத்துப் பதமாக்குவார்கள். ஈரம் குறைந்தால் விரிசல், கூடினால் நெளிந்து வளைந்துபோகும். பதமான தாளை அடுக்கி உருளை வெட்டியால் வெட்டுகிறார்கள்: மக்களுக்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் விட்டம், குருவானவருக்கு 7 சென்டிமீட்டர் அளவு. பிறகு சலித்துத் தூளை நீக்கி, நன்றாக உலர்த்திக் காற்றுப்புகாத டப்பாவில் அடைப்பார்கள். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாவிட்டால் இரண்டே நாளில் தொய்ந்துவிடும், பிறகு பூஞ்சை. சலிப்பது அழகுக்காக மட்டுமே செய்வதன்று. தூள் இருந்தால் அது பாத்திரத்தின் அடியில் தங்கும். திருப்பலியில் குருவானவர் அப்பத்தை அர்ச்சித்த பின் ஒவ்வொரு துகளும் கிறிஸ்துவின் உடல் என்பது விசுவாசம். விழுந்து அழுக்கான நற்கருணையைத் தண்ணீரில் இட்டு, அப்பத்தின் தோற்றம் முழுவதும் மறையும்வரை கரையவிட்டு, மண்ணுக்குள் நேராக இறங்கும் தனித் தொட்டியில் ஊற்றுவதும் அதனால்தான். சாக்கடைக்குப் போகக்கூடாது.

கோதுமை ஒத்துக்கொள்ளாத உடல்நிலை உள்ளவர்களின் கேள்வி வேதனையானது. குளூட்டன் என்ற கோதுமைப் பசை அறவே நீக்கப்பட்டது செல்லாது என்பதை 2017இல் வத்திக்கான் மீண்டும் உறுதிசெய்தது. வேறெதுவும் சேர்க்காமல் ரொட்டியாகும் அளவுக்குச் சிறிதேனும் பசை மிஞ்சியிருந்தால் செல்லும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தின் கிளைட் ஊர் பெனடிக்ட் சபை அருட்சகோதரிகள் நீண்ட முயற்சிக்குப் பின் 0.01 விழுக்காடு பசை மட்டுமே உள்ள ஓஸ்தியை உருவாக்கினார்கள். அதுவும் ஆகாதவர் திராட்சை ரசத்தை மட்டும் பெறலாம். அதனால் அவருக்கு எதுவும் குறைந்துவிடாது. பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அப்பத் துகள் விழாத தனிக் கிண்ணம் வைப்பார்கள்.

கிழக்கின் ‘ப்ரொஸ்போரா’ வேறு உலகம். கோதுமை மாவு, தண்ணீர், ஈஸ்ட், கொஞ்சம் உப்பு. கிலோவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர். சப்பாத்தி மாவைவிட இறுக்கமாக, நெடுநேரம் பிசைய வேண்டும். இரண்டு வட்டங்களைத் தட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது பரவலான வழக்கம். கிறிஸ்துவின் இறையியல்பும் மனித இயல்பும் அவை. நடுவில் ஈரம் தொட்டு ஒட்டாவிட்டால் அடுப்பில் பிரிந்துபோகும். மேலே மரமுத்திரையால் ‘இயேசு கிறிஸ்து வெல்கிறார்’ என்ற கிரேக்க எழுத்துகளைப் பதிக்கிறார்கள். எழுத்து மங்குவதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. மாவு இளகியிருந்தாலோ ஈஸ்ட் கூடிவிட்டாலோ ரொட்டி பொங்கி எழுத்தை விழுங்கிவிடும். முத்திரையில் மாவு தூவி அழுத்தி அமர்த்துவதும், சுற்றிலும் மெல்லிய குச்சியால் துளையிட்டு ஆவிக்கு வழிவிடுவதும்தான் மருந்து. வழிபாட்டுக்கு முன் குருவானவர் நடுச்சதுரத்தைச் சிறு கத்தியால் வெட்டி எடுக்கிறார். அதன் பெயர் ஆட்டுக்குட்டி. மரியாவுக்காக, புனிதர்களுக்காக, உயிரோடிருப்போருக்காக, இறந்தோருக்காக என்று பெயர் சொல்லித் துணுக்குகள் எடுத்து அதன் அருகே வைக்கிறார். ஒரே தட்டில் முழுச் சபையும் உட்கார்ந்துவிடுகிறது.

எகிப்தின் காப்டிக் சபையில் உப்பே சேர்ப்பதில்லை. வழிபாட்டு நாளில் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே சுடுகிறார்கள். ஆலயத்தில் அதற்கென்று உள்ள அறையின் பெயர் பெத்லகேம். கீழைத் திருச்சபை எனப்படும் அசீரிய மரபுச் சபையோ ‘மல்கா’ எனும் பரிசுத்தப் புளிப்பை ஒவ்வொரு முறையும் மாவில் சிறிது சேர்க்கிறது. அது கடைசி இராவிருந்தின் அப்பத்திலிருந்தே அறுபடாமல் வருகிறது என்பது அவர்கள் மரபு. நாம் பேசிய அந்த உறைச் சங்கிலிதான், இம்முறை நல்லதைச் சுமந்து வருகிறது.

இத்தனையும் எதற்காக? பிட்பதற்காக. சுவிசேஷங்களில் இயேசு அப்பத்தைக் கையில் எடுக்கும்போது பெரும்பாலும் அதே வினைகள் வருகின்றன: எடுத்தார், ஆசீர்வதித்தார், பிட்டார், கொடுத்தார். எம்மாவு சீடர்கள் வழியெல்லாம் கூட நடந்தும் அவரை அறியவில்லை. அப்பம் பிட்டபோது கண் திறந்தது. மலைகளில் சிதறிக் கிடந்து ஒன்றாகச் சேர்ந்த அப்பம்போல உம் சபையும் சேரட்டும் என்கிறது தொடக்ககால நூலான திதாக்கே. புனித அகுஸ்தீன் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றோருக்கு இதையே சமையலறை வரிசையில் விளக்கினார்: ஆயத்தச் செபங்களிலும் நோன்பிலும் அரைக்கப்பட்டீர்கள், திருமுழுக்கின் தண்ணீரில் பிசையப்பட்டீர்கள், பரிசுத்த ஆவியின் நெருப்பில் சுடப்பட்டீர்கள். வரிசையில் எதையும் தாண்ட முடியாது. அரைக்காத மணிகள் தண்ணீரில் ஊறினாலும் ஒட்டாது, மணிமணியாகவே கிடக்கும்.

கொரிந்தில் இது கெட்டுப்போனது. வசதியுள்ளவர்கள் முன்னதாகவே வந்து தின்று முடித்தார்கள். பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். நீங்கள் உண்பது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்று பவுல் கடிந்துகொண்டார். அப்பம் சரியான மாவில் சுடப்பட்டிருக்கலாம், பகிராததால் கெட்டது.

ஆளுக்கொரு சிறு வட்டமாக முன்பே வெட்டி வைத்த ஓஸ்தியில் இந்தப் பிட்கும் செயல் ஒளிந்துபோகிறது என்பதுதான் நம் குறை. திருப்பலி நூலின் பொது விதிமுறை 321ஆம் எண்ணில், அப்பம் உணவாகவே தோன்ற வேண்டும், குருவானவர் அதைப் பிட்டுச் சிலருக்காவது கொடுக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது. பெரிய ஓஸ்தி ஒன்றை வைத்தாலே இது நடக்கும், செலவு ஒன்றும் இல்லை. திருவிருந்தில் முழு ரொட்டியைச் சபைக்கு முன் பிட்கும் சீர்திருத்தச் சபைகள் இந்த ஒன்றைக் கண்ணுக்குத் தெரியும்படி காத்து வருகின்றன.

நமக்கு அருகில் அரிசியிலும் ஓர் அப்பம் உண்டு. கேரளத்து நஸ்ரானிக் குடும்பங்கள், அதாவது தோமா கிறிஸ்தவர்கள், பெரிய வியாழன் மாலை வீட்டில் செய்யும் பெசகா (பஸ்கா) அப்பம். இது திருவருட்சாதனம் அன்று, வீட்டு வழிபாடு. அரிசி மாவு நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு, தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு. அரைத்த கையோடு ஆவியில் வைக்க வேண்டும். தாமதித்தால் அந்தக் கோடை வெயிலில் உளுந்து மாவு தானாகவே புளித்து எழும்பிவிடும், புளிப்பில்லாத அப்பம் என்ற பெயரே போய்விடும். குருத்து ஞாயிறன்று கோவிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக மேலே வைத்து வேகவிடுகிறார்கள். வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பெசகாப் பால் பக்கத்தில். செபம் முடிந்ததும் குடும்பத் தலைவர் அப்பத்தை வெட்டி, மூத்தவரிலிருந்து இளையவர்வரை வரிசையாகக் கொடுக்கிறார். அந்த ஆண்டு சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அண்டை வீட்டார் தங்கள் அப்பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறார்கள்.